பிஎச்டி விண்ணப்பக் கட்டணம்: எந்த உதவியை முதலில் கேட்பது?

அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டி படிப்பவர்களில் பெரும்பாலோர் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. துறையே அதை ஏற்றுக்கொள்கிறது. அதோடு மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறது. ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் தரும் துறைகள் ஏராளம். ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கே முன்பணம் வேண்டும் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்களுக்கு அதைச் சொல்ல வீட்டில் யாரும் இருப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பக் கட்டணம் 125 டாலர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் 135, வெளிநாட்டு மாணவர்களுக்கு 155. குறைவாக வாங்கும் பல இடங்களிலும் 75 டாலர் அளவில் இருக்கும். பிஎச்டிக்கு எட்டு, பத்து இடங்களுக்கு விண்ணப்பிப்பது வழக்கம். இடத்துக்கு நூறு டாலர் என்று வைத்தாலும் எட்டுக்கு 800 ஆகிறது. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை எழுத வேண்டியிருந்தால் இன்னொரு 220. தேர்வு மையத்தில் எழுதும்போது அந்த மதிப்பெண்ணை நான்கு இடங்களுக்குத்தான் இலவசமாக அனுப்புவார்கள். ஐந்தாவது இடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் வாங்கவும் சில்லறைச் செலவு உண்டு. எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். கூட்டாட்சி அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலிக்கு வேலை செய்யும் மாணவர் ஆயிரம் டாலர் சேர்க்க ஏறக்குறைய 138 மணி நேரம் உழைக்க வேண்டும். அதுவும் பருவத் தேர்வும் வாடகையும் ஒன்றாக நெருக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பணம் இல்லாத மாணவர் விண்ணப்பிப்பதையே விட்டுவிடுவது அபூர்வம், பட்டியலைச் சுருக்கிக்கொள்வார். எட்டு இடம் மூன்றாகும். அந்த மூன்றிலும் ஆராய்ச்சி தனக்குப் பொருந்துகிறதா என்பதைவிடக் கட்டணம் குறைவா என்பது முன்னால் வந்து நிற்கும். கறுப்பின மாணவர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் என அறிவியலில் ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைந்தவர்களைத்தான் இது முதலில் வடிகட்டுகிறது. திறமையைப் பார்க்குமுன் பணப்பையைப் பார்க்கும் ஏற்பாடு இது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

சில ஆண்டுகளாக இளநிலை மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்துவருகிறேன். வேதியியல் படித்த ஒரு மாணவி டிசம்பர் 1 இரவு இரண்டு பல்கலைக்கழகங்களுக்குக் கிரெடிட் கார்டில் கட்டணம் கட்டிவிட்டு, மறுவாரம் என்னிடம் வந்தார். இரண்டிலுமே அவருக்குக் கட்டண விலக்கு கிடைத்திருக்கும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். உதவி இருந்தது; அதற்கான நேரம்தான் போய்விட்டது.

அதனால் இந்த உதவிகளை ஒப்பிடும்போது எது அதிகப் பணம் தருகிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. பணம் கையைவிட்டுப் போகாமலே தடுப்பது எது, போன பிறகு திருப்பித் தருவது எது என்று பார்க்கிறேன். கையில் இருப்பு இல்லாதவருக்கு, மூன்று மாதம் கழித்து வரும் 500 டாலரைவிட இன்றைக்குக் கட்டாமல் விட்ட 100 டாலர் பெரிது. அடுத்த கேள்வி, அந்த உதவியை எந்த மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்பது.

பல்கலைக்கழகமே தரும் விலக்கு

எல்லாரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக் கல்விக்கான அலுவலகம் ஒரு கட்டண விலக்கு முறையை நடத்துகிறது. அடிப்படைகள் பொதுவாக இரண்டு. ஒன்று, பணத்தேவை. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகையை இளநிலையில் வாங்கியிருந்தால் அதைக் காட்டுவது எளிது. கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்துவிடும். கூட்டாட்சி நிதியுதவி கேட்கும் ஃபாஃப்சா படிவம் நிரப்பியவர்களுக்கு அதன் சுருக்க அறிக்கையே சான்றாகும். இரண்டாவது, குறிப்பிட்ட திட்டங்களில் பங்கேற்றிருப்பது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இதன் பலம், விண்ணப்பப் படிவத்துக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும் என்பது. கேள்விக்குப் பதில் சொல்லி, சான்றை ஏற்றினால் கட்டணப் பக்கம் வராமலே போய்விடும், அல்லது ஒரு குறியீட்டு எண் மின்னஞ்சலில் வரும். பலவீனம், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனி உலகம் என்பது. ஒன்றில் படிவத்துக்குள் கேட்பார்கள், இன்னொன்றில் தனிப் படிவம், வேறொன்றில் கெடுவுக்குப் பல வேலை நாட்கள் முன்பாகவே கேட்டிருக்க வேண்டும். எட்டு இடம் என்றால் எட்டு விதி. ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளாமல் இதைச் சமாளிக்க முடியாது.

இதே பிரிவில், பலரும் கவனிக்காமல் விடும் ஒரு வழி இருக்கிறது. என் அனுபவத்தில் மிகவும் பலன் தந்தது அதுதான்: துறையை நேரடியாகக் கேட்பது. பல்கலைக்கழக அலுவலகத்தின் விதியில் நீங்கள் அடங்காமல் போனாலும், துறையின் கையில் கொஞ்சம் விலக்குகள் இருக்கக்கூடும். துறை தன் நிதியிலிருந்தே உங்கள் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும். யாரைக் கேட்பது? அந்தத் துறையின் முதுநிலை மாணவர் ஒருங்கிணைப்பாளரை. பேராசிரியர்களைவிட இவர்களுக்குத்தான் வழி தெரியும். மின்னஞ்சல் ஆறேழு வரி போதும். நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், அந்தத் துறையில் எந்த ஆய்வு உங்களை ஈர்க்கிறது, கட்டணம் ஏன் தடையாக இருக்கிறது என்று ஒரே வாக்கியம், விலக்கு கிடைக்க வழி உண்டா என்ற கேள்வி. கஷ்டத்தை விவரமாக எழுத வேண்டியதில்லை. கேட்டால் நம்மைக் குறைவாக எடைபோடுவார்களோ என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். கட்டண விலக்கைக் கவனிப்பது அலுவலக வேலை. சேர்க்கைக் குழு படிப்பது உங்கள் ஆய்வு அனுபவத்தையும் கடிதங்களையும். இந்தத் தயக்கத்துக்கு 100 டாலர் விலை கொடுக்க வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் அனுப்பினால் பதில் சொல்ல அவர்களுக்கு அவகாசம் இருக்கும். நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் விடுமுறை வாரத்தில் அனுப்பினால் அந்த மின்னஞ்சல் யார் கண்ணிலும் படாது.

ஒரு திட்டத்தின் உறுப்பினராக இருப்பது

பல பல்கலைக்கழகங்கள் ஒரு பெயரைக் கேட்டதுமே கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடும். அந்தப் பெயர் மெக்நேர். ரொனால்ட் மெக்நேர் தெற்கு கரோலினாவின் லேக் சிட்டியில், கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் வளர்ந்தவர். 1976-இல் எம்ஐடியில் இயற்பியலில் பிஎச்டி முடித்தார். லேசர் ஆய்வாளர், விண்வெளி வீரர். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியதில் இறந்தார். அவர் நினைவாக கூட்டாட்சி அரசின் பணத்தில் கல்லூரிகள் நடத்தும் திட்டம், இளநிலை மாணவர்களை முனைவர் படிப்புக்குத் தயார் செய்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்க்கப்படுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகவும் குறைந்த வருமானக் குடும்பத்தினராகவும் இருக்க வேண்டும் என்பது விதி.

மெக்நேர் மாணவருக்குக் கிடைப்பது கட்டண விலக்கு மட்டுமல்ல. கோடைக்கால ஆராய்ச்சி, வழிகாட்டி, கட்டுரை எழுதப் பயிற்சி, சில இடங்களில் சேர்ந்த பிறகு உதவித்தொகை என்று எல்லாம் சேர்ந்து வரும். ஜிஆர்இ கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும் வாய்ப்பும் இவர்களுக்கு உண்டு. தரத்தில் பார்த்தால் இந்த ஒப்பீட்டிலேயே முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் ஒரு சிக்கல். நான்காம் ஆண்டு அக்டோபரில் விழித்துக்கொண்டவருக்கு இது பயன்படாது. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தத் திட்டம் இல்லாமலும் இருக்கலாம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். எனவே இதைப் படிப்பவர் இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நாளைக்கே தன் கல்லூரியில் மெக்நேர் அலுவலகம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நான்காம் ஆண்டு என்றால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

அதற்கு முன், கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய அறிவியல் நிறுவனம் பணம் தந்து நடத்தும் இளநிலை ஆராய்ச்சித் திட்டங்களில், வேறொரு பல்கலைக்கழகத்தில் பத்து வாரம் போல வேலை செய்திருப்பீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே பிஎச்டிக்கு விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை என்று சொல்லும் இடங்கள் பல. அந்தக் கோடைத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி எழுதினால் தெரிந்துவிடும். அங்கே உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது கட்டணத்தைவிடப் பெரிய லாபம்.

ஒரே படிவம், பல வாசல்கள்

நேரமும் பணமும் ஒருசேரக் குறைவாக இருப்பவருக்கு இந்த வகை கவர்ச்சியானது. மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் மூன்று விதமானவை.

பிக் டென் அகாடமிக் அலையன்ஸ் என்பது மிச்சிகன், விஸ்கான்சின், ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. அவர்களின் ஃப்ரீஆப் என்ற ஏற்பாட்டில், ஒரே கோரிக்கைப் படிவத்தின் வழியே அதில் சேர்ந்துள்ள பல வளாகங்களுக்குக் கட்டண விலக்கு கேட்கலாம். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இது விண்ணப்பம் அல்ல, விலக்குக் கோரிக்கை மட்டுமே. விலக்கு கிடைத்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் முழு விண்ணப்பத்தையும் தனியே எழுதியாக வேண்டும். பிஎச்டிக்கும் நுண்கலை முதுநிலைப் பட்டத்துக்கும் உரியது. சாதாரண எம்எஸ் படிப்புக்கு உதவாது. உங்கள் பட்டியலில் நடுமேற்குப் பல்கலைக்கழகங்கள் மூன்று நான்கு இருந்தால், செலவிடும் ஒரு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல பலன் வேறெதிலும் இல்லை. பட்டியலில் ஒன்றுகூட இல்லாமல், இலவசம் என்பதற்காகவே நான்கைச் சேர்ப்பது தவறு. இலவச விண்ணப்பத்துக்கும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் ஒரு வார உழைப்பும் தேவை.

ஜெம் கூட்டமைப்பு 1976-இல் தொடங்கியது. பொறியியலிலும் அறிவியலிலும் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் சமூகங்களின் மாணவர்களுக்கு முதுநிலைப் படிப்பையும் தொழில் நிறுவனங்களில் கோடைக்காலப் பயிற்சியையும் இணைத்துத் தரும் உதவித்தொகை அவர்களுடையது. அதற்கு விண்ணப்பிப்பவர்களுக்கு உறுப்புப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது வழக்கம். ஆனால் ஜெம் விண்ணப்பமே ஒரு முழு வேலை: கட்டுரைகள், கடிதங்கள், நவம்பரில் கெடு. தொழில் நிறுவனத்தில் கோடைக்காலம் கழிக்க விருப்பம் உள்ள கணினி, பொறியியல், பொருளறிவியல் மாணவர்களுக்கு இது பொன்னான வழி. காட்டில் தவளைகளைப் பின்தொடரும் சூழலியல் மாணவர், கட்டண விலக்குக்காக மட்டும் இதற்குள் நுழைய வேண்டாம்.

மூன்றாவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது. அமெரிக்க இயற்பியல் கழகம் நடத்தும் பிரிட்ஜ் திட்டத்தில் ஒரே இலவச விண்ணப்பம்; அதைப் பல துறைகள் பார்க்கும். வேதியியலுக்கு அமெரிக்க வேதியியல் கழகமும் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. இந்தத் திட்டங்கள் குறிவைப்பது வழக்கமான சுற்றில் இடம் கிடைக்காதவர்களை, அல்லது பணமோ துணிவோ இல்லாமல் விண்ணப்பிக்கவே இல்லாதவர்களை. டிசம்பர் கெடுக்கள் எல்லாம் போன பிறகு வசந்த காலத்தில் திறக்கும் கதவு இது. முதல் ஆண்டில் தேவையான இளநிலைப் பாடங்களை மறுபடி படிக்கவும் வழி செய்வார்கள். இதன் முன்மாதிரிகளில் ஒன்று, நாஷ்வில்லில் கறுப்பினத்தவருக்கான வரலாற்றுச் சிறப்புமிக்க ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் வான்டர்பில்ட் பல்கலைக்கழகமும் 2004-இல் சேர்ந்து தொடங்கிய முதுநிலை–பிஎச்டி பாலத் திட்டம். எல்லாத் துறையினருக்கும் இது எட்டாது என்பதுதான் குறை. எட்டுபவர்கள் இதை இரண்டாம் தர வழி என்று நினைத்து ஒதுக்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதில் நுழைந்தவரும் முடிவில் வாங்குவது அதே பிஎச்டிதான்.

மாநாட்டில் கிடைக்கும் குறியீடு

சாக்னாஸ் 1973-இல் தொடங்கிய அமைப்பு. லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி வம்சாவளி அறிவியலாளர்களுக்கானது. உயிர்மருத்துவ மாணவர்களுக்கு ஆப்ரகாம்ஸ் என்ற மாநாடு நவம்பர் வாக்கில் நடக்கிறது. அமெரிக்க நுண்ணுயிரியல் கழகம் அதை நடத்துகிறது. சாக்னாஸ் மாநாட்டிலும் இதிலும் கண்காட்சிக் கூடத்தில் பல்கலைக்கழகங்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். அங்கே நின்று பத்து நிமிடம் பேசியவருக்குக் கட்டண விலக்குக் குறியீடு கொடுப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம்.

ஆனால் கட்டண விலக்குக்காக மாநாட்டுக்குப் போவது கணக்குக்கு ஒத்துவராது. விமானம், விடுதி, பதிவுக் கட்டணம் சேர்ந்தால் எட்டு விண்ணப்பங்களின் செலவை விழுங்கிவிடும். பயண உதவித்தொகை கிடைத்தாலோ உங்கள் ஆய்வகம் அனுப்பினாலோ மட்டும் போங்கள். அப்படிப் போகும்போது மேசைகளில் விலக்கு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். போக முடியாதவர்களுக்கு இணையவழித் தகவல் கூட்டங்கள் இருக்கின்றன. பல துறைகள் செப்டம்பர், அக்டோபரில் நடத்தும் இந்தக் கூட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்குச் சில இடங்களில் கட்டணம் தள்ளுபடி ஆகிறது. வீட்டிலிருந்தபடி ஒரு மணி நேரம், செலவு ஏதுமில்லை.

ஜிஆர்இ: பாதிக் கட்டணமா, எழுதாமலே விடுவதா?

ஜிஆர்இ நடத்தும் இடிஎஸ் நிறுவனத்திடம் கட்டணக் குறைப்புத் திட்டம் இருக்கிறது. தகுதி உள்ளவர் பாதிக் கட்டணத்தில் எழுதலாம். நிதியுதவி பெறும் மாணவர்கள், வேலையிழந்து அதற்கான உதவித்தொகை பெறுபவர்கள், மெக்நேர், ஜெம் போன்ற திட்டங்களில் இருப்பவர்கள் கேட்கலாம். தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே சலுகைச் சீட்டை வாங்கியிருக்க வேண்டும். பதிவு செய்த பிறகு கேட்டால் பயனில்லை. அது கைக்கு வரும்வரை காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனாலும் என் கட்சி வேறு. இன்றைய நிலையில் முதல் கேள்வி, உங்கள் பட்டியலில் உள்ள துறைகளுக்கு ஜிஆர்இ தேவையா என்பதே. கடந்த பத்தாண்டுகளில் அறிவியல் துறைகள் பல இந்தத் தேர்வைக் கைவிட்டன. உயிரியல் துறைகள் அதில் முன்னால் நின்றன. உயிரியலுக்கும் வேதியியலுக்கும் இருந்த பாடவாரித் தேர்வுகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. எட்டுத் துறைகளில் ஒன்று மட்டும் ஜிஆர்இ கேட்டால், அந்த ஒன்றுக்காக 220 டாலரும் இரண்டு மாதத் தயாரிப்பும் தேவையா? அந்த இரண்டு மாதத்தை ஆராய்ச்சி நோக்க அறிக்கைக்குக் கொடுத்தால் ஏழு இடங்களில் பலன் தெரியும். அந்த ஒரு இடம்தான் உங்கள் கனவு என்றால் பேச்சே வேறு.

விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்று சொல்லும் துறைகள் குழப்பம் தருபவை. இயற்பியல், கணிதம் போன்ற துறைகளில் நல்ல மதிப்பெண் கைகொடுக்கக்கூடும். அங்கே பாதிக் கட்டணச் சீட்டு கிடைத்தால் மட்டும் எழுதுங்கள் என்பதே என் ஆலோசனை.

இன்னொரு சேமிப்பு பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பிக்கும்போது பெரும்பாலான இடங்கள் அதிகாரபூர்வமற்ற மதிப்பெண் பட்டியலை ஏற்றினாலே ஒப்புக்கொள்கின்றன. முத்திரையிட்ட பிரதியை, இடம் கிடைத்துச் சேரும்போது கொடுத்தால் போதும். அதிகாரபூர்வப் பிரதிக்கு எட்டு முறை காசு கட்டும் முன் துறையின் விதியைப் படித்துவிடுங்கள்.

பின்னால் திருப்பித் தரும் உதவிகள்

சில கல்லூரிகள், துறைகள், தொழில்முறைக் கழகங்கள், தன்னார்வ வழிகாட்டுக் குழுக்கள் சிறு தொகைகள் தருகின்றன. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும், ஜிஆர்இக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும்கூடப் பயன்படும் என்பது இவற்றின் பெருமை. ஆனால் இதில் பெரும்பகுதி, ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறும் முறை. முதலில் நீங்கள் கட்ட வேண்டும். காசோலை வரும்வரை கார்டில் வட்டி ஏறும். கேட்கும்போதே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே நேரடியாகக் கட்ட முடியுமா? முடியும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. யாரும் கேட்காததால் அறிவிப்பதில்லை.

வழிகாட்டுக் குழுக்களைப் பணத்துக்காக மட்டும் எடைபோட வேண்டாம். எம்ஐடியின் மின்பொறியியல், கணினித் துறை மாணவர்கள் நடத்துவது போன்ற விண்ணப்ப உதவித் திட்டங்களில் உங்கள் கட்டுரையை அந்தத் துறையில் படிப்பவரே படித்துக் கருத்துச் சொல்வார். காசு கொடுத்து வாங்கும் ஆலோசனையைவிட அது மேல்.

நேர்காணல் பயணமும் இதே சிக்கலைக் கொண்டுவரும். ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும் நேர்காணல்களுக்குத் துறைகள் பயணச் செலவை ஏற்கின்றன. சிலர் விமானச் சீட்டை அவர்களே எடுத்துத் தருவார்கள். சிலர் நீங்கள் எடுங்கள், பிறகு தருகிறோம் என்பார்கள். இரண்டாவது வகையினரிடம், முன்பணம் கட்ட என்னால் இயலாது, நீங்களே எடுத்துத்தர முடியுமா என்று தயங்காமல் எழுதலாம். நான் பார்த்தவரை மறுத்தவர்கள் மிகக் குறைவு.

இந்த ஆண்டின் விதியைப் படியுங்கள்

நண்பர் அனுப்பிய பழைய பட்டியலை நம்பி இறங்க வேண்டாம். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்துத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு சேர்க்கையைப் பற்றியது. ஆனாலும் அதன் பின் பல பல்கலைக்கழகங்கள் கட்டண விலக்கின் சொற்களையும் மாற்றிக்கொண்டன. இனம் இருந்த இடத்தில் குடும்ப வருமானம், முதல் தலைமுறை, கடந்துவந்த தடைகள் என்று எழுதினார்கள். 2025-இல் கூட்டாட்சி அரசின் கொள்கை மாறியபோது தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நடத்திய பயிற்சித் திட்டங்கள் சில நிறுத்தப்பட்டன. நேற்றுவரை கட்டணம் தள்ளுபடி வாங்கித்தந்த ஒரு பெயர் இன்று செல்லாமல் போகலாம். மறுபுறம், முன்பு எந்தப் பட்டியலிலும் அடங்காத ஏழை மாணவர் இப்போது வருமான அடிப்படையில் உள்ளே வரலாம். ஒருமுறை தகுதியில்லை என்று ஒதுங்கியவர் மறுபடி படித்துப் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு இந்த ஒப்பீடு குறுகலானது. அதை மறைப்பதில் பயனில்லை. மெக்நேர், ஜெம், ஜிஆர்இ கட்டணக் குறைப்பு எல்லாம் குடியுரிமையோடும் வசிப்புரிமையோடும் பிணைந்தவை. பெர்க்லியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டண விலக்கே இல்லை. அவர்களுக்கு மிஞ்சுவது மூன்று வழிகள்: துறையை நேரடியாகக் கேட்பது, தகவல் கூட்டங்களில் கலந்துகொள்வது, கட்டணமே வாங்காத திட்டங்களைத் தேடுவது. பட்டியலைத் தொடக்கத்திலேயே அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகும் எட்டில் இரண்டு மூன்று இடங்களுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அப்போது எதற்குக் கட்டுவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் யாருடைய ஆய்வகத்தில் சேர விரும்புகிறீர்களோ அவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒரே ஒரு பெயர்தான் வருகிறது, அவரும் புதிய மாணவர்களை எடுக்கிறாரா என்று தெரியவில்லை என்றால், முதலில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். எடுக்கவில்லை என்று பதில் வந்தால் அந்த 125 டாலர் மிச்சம். மூன்று பெயர் வருகிறது, ஐந்தாண்டுக்கும் உதவித்தொகை உறுதி என்று துறை எழுதியே கொடுக்கிறது என்றால், அந்த இடத்துக்குக் கட்டுங்கள்.